ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் நிற்கும் ஆண் பெயர்: ஃபெலிக்ஸ், ஓஸ்கர், லூகாஸ், யாகோப்... எது தேறும்?

ஜெர்மன், ஆங்கிலம் இரண்டும் புழங்கும் வீட்டில் ஆண் குழந்தைக்குப் பெயர் தேடும்போது முதலில் பார்ப்பது பொருள். அடுத்தது தாத்தா பெயர். இரண்டும் நல்ல காரணங்கள்தாம். ஆனால் அந்தப் பெயர் வாழ்நாள் முழுக்க அடிபடப்போவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, வருகைப் பதிவேட்டைப் பார்த்து வாசிக்கும் ஆசிரியரின் வாய். மற்றது, போனில் கேட்டு எழுதிக்கொள்பவரின் கை. பார்த்து வாசித்தால் என்ன வருகிறது, கேட்டு எழுதினால் என்ன வருகிறது? இந்த இரண்டு சோதனைகளையும் இரண்டு மொழியிலும் வைத்துப் பாருங்கள். நான்கிலும் பழுதில்லாமல் தேறும் பெயர்கள் மிகக் குறைவு. மூன்றில் தேறினாலே தாராளம்.

எந்த ஒன்றில் தோற்றால் பரவாயில்லை என்பதில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். உச்சரிப்பு மாறிவிடுமே என்று கவலைப்படுபவர்கள் அதிகம். உண்மையில் தொல்லை தருவது எழுத்துக்கூட்டல். பாட்டி ஒரு மாதிரியும் லண்டன் சித்தப்பா ஒரு மாதிரியும் கூப்பிட்டால் பிள்ளைக்கு அது மூன்று வயதிலேயே பழகிவிடும். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்தும் டிக்கெட்டில் வேறு எழுத்தும் இருந்தால் விமான நிலையத்துக்கு அது எந்த வயதிலும் பழகாது.

எங்கே உடைகிறது

பெரும்பாலான பெயர்கள் ஒரே ஓர் எழுத்தில் உடைகின்றன. ஜே என்ற எழுத்து ஜெர்மனில் ‘ய’, ஆங்கிலத்தில் ‘ஜ’. அதனால் யோனாஸ் ஜோனஸ் ஆகிறான், யூலியான் ஜூலியன் ஆகிறான். டபிள்யூவை ஜெர்மானியர் மேல்பல்லைக் கீழுதட்டில் பதித்து, ஆங்கிலேயர் வி சொல்வதுபோலச் சொல்வார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘வ’ என்பதால் வால்டர் நம் காதுக்கு ஒரே பெயர். அவர்கள் காதுக்கு அப்படி இல்லை. வி பழைய ஜெர்மன் பெயர்களில் ‘ஃப’ ஆகும்: ஃபோல்கரை ஆங்கிலேயர் வோல்கர் என்றே வாசிப்பார். வின்சென்ட், விக்டர் போன்ற லத்தீன் வழிப் பெயர்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஐ என்ற எழுத்து ஜெர்மனில் ‘ஈ’யாகவும் ஆங்கிலத்தில் ‘ஐ’யாகவும் ஒலிக்கும் பெயர்கள் தனி வரிசை: ஸீமோன் சைமன் ஆகிறான், எலீயாஸ் இலையஸ் ஆகிறான்.

இவற்றையெல்லாம்விட மோசம் உம்லவுட், அதாவது உயிரெழுத்தின் தலையில் இருக்கும் இரண்டு புள்ளிகள். யூர்கன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் யு எழுத்து புள்ளிகளோடு இருக்கும். அதே பக்கத்தின் அடியில் கருவி வாசிக்கும் இரண்டு வரிகளில் அது யு, இ என்று இரண்டு எழுத்தாகிவிடும். வெளிநாட்டு வங்கியோ பள்ளியோ புள்ளியைக் கழற்றிவிட்டு வெறும் யு போட்டுக்கொள்ளும். ஆக ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் பிறப்புச் சான்றிதழிலேயே புள்ளிகளை ஏற்பதில்லை. யூர்கன், யோர்க், கோட்ஸ், சோரன் நான்கும் நல்ல பெயர்கள். இந்தத் தேவைக்கு மட்டும் ஆகாது.

ஃபெலிக்ஸும் ஓஸ்கரும்

கடைசிச் சுற்றில் அடிக்கடி மோதுவது இந்த இரண்டும்தான். ஒலியில் ஓஸ்கர் முந்துகிறான். ஜெர்மானியர் ‘ஒஸ்கார்’ என்பார், ஆங்கிலேயர் ‘ஆஸ்கர்’ என்பார். அழுத்தம் இரண்டிலும் முதல் அசையில். அறைக்கு அந்தப்புறத்திலிருந்து எப்படிக் கூப்பிட்டாலும் பையன் திரும்புவான். ஃபெலிக்ஸ் அப்படியல்ல: ஜெர்மனில் ‘ஃபேலிக்ஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபீலிக்ஸ்’. முதல் உயிரெழுத்தே வேறு.

எழுத்தில் கதை தலைகீழ். ஃபெலிக்ஸுக்கு இரு மொழியிலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஓஸ்கருக்கு ஜெர்மனியில் கே வழக்கம், ஆங்கிலத்தில் சி. கேட்டு எழுதும் ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் சி-தான் போடுவார். பையன் ஒவ்வொரு முறையும் ‘கே, சி இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஓஸ்கர்தான் வேண்டும் என்றால் பிறக்கும்போதே சி போட்டுப் பதியுங்கள். ஜெர்மனியில் அந்த வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. ஒலி மாறாது, யாருக்கும் விநோதமாகத் தெரியாது.

ஓஸ்கர் வேரில் ஜெர்மன் பெயரே அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அது அயர்லாந்துப் பழங்கதை மரபிலிருந்து கிளம்பி, 18ஆம் நூற்றாண்டு இலக்கிய மோகத்தில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1799இல் பாரிஸில் பிறந்து பின்னாளில் சுவீடன் அரசரான முதலாம் ஓஸ்கருக்கு ஞானத்தந்தை நெப்போலியன். ‘ஜெர்மன் வேர் வேண்டும்’ என்று பெரியவர்கள் கேட்கும் வீட்டில் இந்த விவரம் பேச்சுக்கு வரத்தான் செய்யும். ஃபெலிக்ஸும் லத்தீன்தான், ஆனால் ஹாம்பர்க்கில் பிறந்த இசையமைப்பாளர் மெண்டல்ஸோன் அந்தப் பெயரோடு பத்து முறை பிரிட்டனுக்குப் போய் வந்து, இரு நாட்டிலும் கொண்டாடப்பட்டவர்.

ஃபெலிக்ஸில் கவனிக்க வேண்டியது குடும்பப் பெயர். முடிவில் வரும் ‘க்ஸ்’ ஒலியை அடுத்து ஷ்மிட், ஷுல்ட்ஸ், ஸ்மித் என்று வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு நாக்கு குழறும். மாக்ஸுக்கும் இதே கதி. மைய்யர், பாவ்வர், பிரவுன் போன்ற குடும்பப் பெயர் என்றால் தடையே இல்லை. எங்கள் தேர்வு ஃபெலிக்ஸ். குடும்பப் பெயர் ‘ஷ’விலோ ‘ஸ’விலோ தொடங்கினால் சி போட்ட ஓஸ்கர்.

லூகாஸ், பிலிப்: காதுக்கு இனிமை, காகிதத்தில் வம்பு

ஒலி ஒற்றுமையில் லூகாஸை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் கே, சி என்று இரண்டு வடிவம்; அதோடு ஆங்கிலத்தில் லூக், ஜெர்மனியில் லூக்கா என்று பக்கத்திலேயே இரண்டு உறவினர். எரிக், விக்டர், டொமினிக் மூன்றும் இதே கே–சி வரிசை.

பிலிப் இன்னும் சிக்கல். ஜெர்மனில் வழக்கமான வடிவத்தில் கடைசியில் இரண்டு பி. ஆங்கிலத்தில் ஒரு எல் ஒரு பி, அல்லது இரண்டு எல் ஒரு பி. இரண்டு பி-யில் முடிக்க ஆங்கிலேயருக்குக் கை வராது. தியோடோர் என்றால் அமெரிக்கர் கடைசியில் ஓர் இ சேர்த்துவிடுவார். வேலண்டீனுக்கும் அதே வால் முளைக்கும். கூடவே காதலர் தின நினைவும் வரும்.

அன்டோனும் ராபர்ட்டும்

பட்டியல்களில் இவை இரண்டும் மேலே வருவதில்லை. எங்கள் கணக்கில் வர வேண்டியவை. அன்டோன் எழுத்து மாறாத பெயர். ஜெர்மனில் ‘ஆன்டோன்’, ஆங்கிலத்தில் ‘ஆன்டன்’. ஜெர்மனியில் தாத்தா காலத்துப் பெயராக இருந்து, இப்போது சின்னப் பையன்களிடம் மீண்டும் வந்திருக்கிறது. அங்கே வாழும் ஈழத்தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது கூடுதல் வசதி: அன்டன் யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே ஊன்றிய பெயர். மூன்று தலைமுறையும் தடையில்லாமல் கூப்பிடலாம்.

ராபர்ட் உண்மையிலேயே ஜெர்மானிய வேர்ப் பெயர். நார்மன்கள் வழியாக இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே குடியேறியது. ஜெர்மானியர் ‘ரோபெர்ட்’ என்பார். கேட்டு எழுதினாலும் பார்த்து வாசித்தாலும் இரு நாட்டிலும் பிழை வராது. நான்கு சோதனையிலும் தேறும் மிகச் சிலரில் ஒருவன். குறை என்று சொன்னால், இன்று இரு நாட்டிலும் இளமையாக ஒலிக்கவில்லை. ஆல்பர்ட்டும் இதே குணம். ஆட்டோ என்று அமெரிக்கர் சொல்லும் ஓட்டோவும் பழைய ஜெர்மானியப் பெயர்தான். எழுத்தில் பிழை வராது, ஆனால் அமெரிக்கக் காதில் அது வண்டியாகவே விழும்.

யாகோப்: இரண்டு பெயரோடு வாழ்வது

யாகோப், யோஹான், பெஞ்சமின் மூன்றிலும் ஜே இருக்கிறது. பெஞ்சமினுக்குத் தப்பிக்க வழி உண்டு: எல்லோரும் பென் என்றே கூப்பிடுவார்கள், அது இரு மொழியிலும் ஒன்று. யாகோபுக்கு அந்த வழி இல்லை. ஜெர்மன் பள்ளியில் ‘யாகொப்’, ஆங்கிலப் பள்ளியில் ‘ஜேகப்’. ஒரே மொழிச் சூழலில் வளர்ந்து, மற்ற நாட்டுக்கு விடுமுறைக்கு மட்டும் போகும் பிள்ளைக்கு இது பெரிய தொல்லையில்லை. நாடு மாறிப் பள்ளி மாறும் குடும்பம் என்றால் பதின்வயதில் பையனே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும்.

ஓஸ்கருக்கு சி சொன்ன நாங்கள் யாகோபுக்குக் கே-யைத்தான் பரிந்துரைக்கிறோம். சி போட்டால் ஜெர்மானியருக்கே ‘ய’வா ‘ஜ’வா என்று குழப்பம் வரும். கே போட்டால் ஜெர்மனியில் உச்சரிப்பு உறுதி. ஆங்கிலேயருக்கும் இது வேறு மொழிப் பெயர் என்ற சாடை கிடைத்து, சிலராவது எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள்.

காகிதத்தில் நீளம், வாயில் குட்டை

செபாஸ்டியன், அலெக்சாண்டர், மாக்ஸிமிலியன் மூன்றுக்கும் எழுத்து ஒன்றே. அழுத்தம்கூடப் பெரும்பாலும் ஒரே அசையில் விழும். செல்லப்பெயர் மட்டும் நாட்டுக்கு ஒன்று: ஜெர்மனியில் பாஸ்டி, இங்கிலாந்தில் செப். இது குறையல்ல, வசதி. மாக்ஸ், லியோ, தியோ என்று குட்டைப் பெயரையே பதிவது ஜெர்மனியில் சாதாரணம். ஆங்கில நாட்டில் ‘முழுப்பெயர் என்ன?’ என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். ஃபின்னுக்கு அந்தக் கேள்வி குறைவு. எழுத்தும் ஒலியும் சரி. கை என்ற பெயரும் அப்படியே ஒத்துப்போகும், ஆனால் ஜெர்மனியில் அது நடுவயதுக்காரர் பெயராகத் தோன்றும்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

யான் ஜெர்மனியில் ஆண். அதே எழுத்துகள் ஆங்கிலத்தில் ‘ஜ’வில் தொடங்கி ஒலிக்கும் பெண் பெயர். ஃபிரிட்ஸ் ஜெர்மனியில் மீண்டும் செல்லமாக வைக்கப்படுகிறது. பிரிட்டனில் அது போர்க்காலத்தில் ஜெர்மன் சிப்பாயைக் குறித்த வசைச்சொல், அமெரிக்கப் பேச்சில் பழுதான இயந்திரத்தைக் குறிக்கும் வழக்கு. பெர்ன்ட் ‘எரிந்தது’ என்றும், ஹெல்முட் தலைக்கவசம் என்றும் ஆங்கிலக் காதில் விழும். ஃபால்க் என்பதை ஆங்கிலப் பள்ளிப் பையன்கள் எப்படித் திரிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இரு மொழிக்கும் பொது என்று எண்ணிக் கெவின், ஜஸ்டின், ஜேசன் போன்ற ஆங்கிலப் பெயரை ஜெர்மனியில் வைப்பது. 1990களின் தொடக்கத்தில் கெவின் அங்கே உச்சத்தில் இருந்தது. பிறகு படிக்காத வீட்டுப் பிள்ளை என்ற முத்திரை விழுந்துவிட்டது. ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், பெயரை வைத்தே பிள்ளையின் திறமையை எடைபோடும் போக்கு வெளிப்பட்டது. அநியாயம்தான். இருந்தாலும் பிள்ளை தலையில் ஏன் அதை ஏற்ற வேண்டும்?

பதியும்போது

ஜெர்மனியில் பிறந்தால் ஒரு வாரத்துக்குள் ஷ்டாண்டெஸாம்ட் என்ற பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பிறந்த ஒரு மாதத்துக்குள் சேர்க்கலாம். ஆணா பெண்ணா என்று பெயரிலேயே தெரிய வேண்டும் என்ற பழைய கெடுபிடி இப்போது இல்லை. 2008 டிசம்பரில் கிரண் என்ற இந்தியப் பெயர் பற்றிய வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தளர்த்தியது.

இரண்டு பெயர் வைப்பதானால், தினமும் கூப்பிடும் பெயரை முதலில் எழுதுங்கள். ஜெர்மனியில் எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி. அமெரிக்க, பிரிட்டிஷ் படிவங்கள் முதல் பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும், இரண்டாவது வெறும் தலைப்பெழுத்தாகச் சுருங்கும். நடுவில் கோடு போட்டு இணைக்காதீர்கள். 2018 நவம்பர் முதல் முன்பெயர்களின் வரிசையை ஷ்டாண்டெஸாம்ட்டில் அறிவித்து மாற்றிக்கொள்ளலாம்: யாகோப் ஃபெலிக்ஸ் பின்னாளில் ஃபெலிக்ஸ் யாகோப் ஆகலாம். கோடு போட்ட பெயர் சட்டப்படி ஒரே பெயர். அதைப் பிரித்து முன்பின்னாக்க முடியாது.