சிட்டையா, கடைத்திரையா: மின்வணிகப் பாடத்தை எங்கே தொடங்குவது?

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து பி.காம். படிக்க வருபவர்களில் பலருடைய வீட்டில் ஏதோ ஒரு வியாபாரம் நடக்கும். அது மீனாகவோ கருவாடாகவோ கருப்பட்டியாகவோ முண்டு மிளகாயாகவோ இருக்கலாம். அவர்களுக்கு வணிகத் தகவல் அமைப்புகளையும் மின்வணிகத்தையும் அடிப்படையிலிருந்து கற்பிக்க மூன்று வழிகள் உண்டு. பாடநூல் வைத்திருக்கும் வரிசைப்படி வரையறைகளில் தொடங்கலாம். கைப்பேசியில் ஒரு கடையைத் திறந்துவைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம். அல்லது, மீன் இறங்குதளத்தில் ஏலம் முடிந்ததும் கணக்குப்பிள்ளை எழுதும் சிட்டையில் தொடங்கி, மின்வணிகத்துக்குக் கடைசியில் வந்து சேரலாம். மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் நடத்திப் பார்த்திருக்கிறேன். என் சாய்வு மூன்றாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவதற்கு உரிய நியாயத்தை அதற்காக மறைக்கப்போவதில்லை.

பாடநூல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரிவர்த்தனைச் செயலாக்க அமைப்பு (ஒவ்வொரு விற்பனையையும் பதிவது), மேலாண்மைத் தகவல் அமைப்பு (பதிவுகளைத் தொகுத்து அறிக்கையாக்குவது), முடிவெடுக்க உதவும் அமைப்பு (அறிக்கையை வைத்து அடுத்து என்ன செய்வது என்று பார்ப்பது) என அடுக்கடுக்காகக் கூம்புப் படம் ஒன்று வரும். அதன் பிறகு நிறுவனங்களுக்கு இடையே, நிறுவனத்துக்கும் நுகர்வோருக்கும் இடையே என்று மின்வணிக வகைகள் வரும். வினாத்தாளும் இதே வரிசையில் கேட்பதால் பாடம் குறித்த நாளில் முடிந்துவிடும், மதிப்பெண்ணும் வரும். கூம்பின் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியாக விலைக்கு வாங்க வேண்டிய ஒரு மென்பொருள் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வதுதான் இதிலுள்ள கோளாறு. ஒரே விற்பனைப் பதிவு, மேலே போகப் போக, வேறு வேறு கேள்விகளுக்கு விடையாகிறது என்பது அவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

கடைத்திரை வழியிலோ முதல் நாளே வகுப்பு சூடுபிடித்துவிடும். 2016இல் யு.பி.ஐ. அறிமுகமான பிறகு பெட்டிக்கடை வரைக்கும் க்யூ.ஆர். அட்டை வந்துவிட்டதால், பணம் செலுத்தும் முறையை எவருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் நான்கு பொருள்களைப் படத்தோடும் விலையோடும் பட்டியலிட ஒரு வகுப்பு நேரமே போதும். தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி வீட்டுக் கருவாட்டை இப்படிப் பட்டியலிட்டாள். அடுத்த வாரமே மதுரையிலிருந்து இரண்டு கிலோ நெத்திலிக்குப் பணம் வந்துவிட்டது. அன்று காலையில்தான் அவளுடைய அம்மா, இருந்த நெத்திலியை எல்லாம் வாசலுக்கு வந்த வியாபாரிக்குப் போட்டிருந்தார். திரையில் இருந்த சரக்கு சாக்கில் இல்லை. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தவள், “அம்மா விற்றதைக் கைப்பேசிக்கு யார் சார் சொல்வது?” என்று கேட்டாள். இருப்புக் கணக்கு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நான் கண்டதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, ஒவ்வொரு விற்பனையும் நடந்த இடத்திலேயே பதிவாக வேண்டும் என்பதில் தொடங்க வேண்டியிருக்கிறது. கடைத்திரை வழி தாண்டிக் குதித்து வந்தது சரியாக அந்தப் பகுதியைத்தான்.

இலாபக் கணக்கிலும் இதே சறுக்கல் நேர்கிறது. ஒரு கிலோ கருப்பட்டியை 300 ரூபாய்க்கு வாங்கி, ஓர் இணையச் சந்தையில் 400 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மாணவர்கள் 100 ரூபாய் இலாபம் என்பார்கள். சந்தைக்காரர் 15 விழுக்காடு கழிவு எடுத்தால் 60 ரூபாய், கூரியருக்கு 80, அட்டைப்பெட்டிக்கும் ஈரம் புகாத உறைக்கும் 20 என்று கழித்த பின் கைக்கு வருவது 240. ஆக, கிலோவுக்கு 60 ரூபாய் நட்டம். கருப்பட்டி இளகிப்போய்ப் பொருள் திரும்பி வந்தால் இன்னும் மோசம். கடையைத் திறப்பது எளிது என்று முதலில் கற்றுக்கொண்டவருக்கு இந்தக் கணக்கு ஏமாற்றமாகவே தோன்றும். பற்றும் வரவும் எழுதப் பழகியவர் விலை வைப்பதற்கு முன்பே இதைப் போட்டுப் பார்த்துவிடுவார்.

கடைத்திரை வழி மட்டுமே நன்றாகக் காட்டும் ஒன்றும் இருக்கிறது. அது, வாங்குபவருடைய முகவரி எவ்வளவு கனமான தரவு என்பது. 2023 அக்டோபர் 1 முதல், பொருள் விற்பவருக்கான 40 லட்சம் ரூபாய் ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலேயே, அதற்கான தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று, இணையச் சந்தை வழியாகத் தம் மாநிலத்துக்குள் விற்கலாம். ஆகவே பரமக்குடிக்காரர் ஒருவர் முண்டு மிளகாய்ப் பொடியைச் சென்னைக்கு அனுப்புவதும் பெங்களூருக்கு அனுப்புவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. முகவரிக் கட்டத்தில் மாநிலத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஏன் என்று கேட்காத மாணவர்கள், இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

சிட்டை வழிக்கு வருகிறேன். ஏலச் சிட்டையில் தேதி, படகு, மீனின் பெயர், எடை, விலை, வாங்கியவர் என்று சில விவரங்களே இருக்கும். முதல் வேலையாக, ஐம்பது சிட்டைகளை எக்செல் போன்ற விரிதாளில் ஏற்றச் சொல்வேன். படகின் பெயரை வைத்துத் தொகை கூட்டினால் உடனே குழப்பம் வரும், ஏனென்றால் அந்தோணியார் பெயரிலோ முனியசாமி பெயரிலோ ஒரே கரையில் இரண்டு மூன்று படகுகள் நிற்கும். படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண் மட்டும் இன்னொன்றுக்கு வராது. தரவுத்தளத்தில் முதன்மைத் திறவு (primary key) என்பது இதுதான், 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வகுத்த அட்டவணை முறை இந்த ஓர் ஒழுங்கின்மேல் நிற்கிறது என்று அப்போது சொன்னால் மனத்தில் தங்குகிறது. அடுத்த குழப்பம் மீனின் பெயரில் வரும். ஒருவர் ‘நெத்திலி’ என்றும் மற்றவர் ‘நெத்தலி’ என்றும் இன்னொருவர் ‘நெத்திலி பொடி’ என்றும் எழுதியிருக்க, விரிதாள் மூன்றையும் மூன்று சரக்காகவே கூட்டித் தரும். சரக்குக்குக் குறியீட்டு எண் கொடுக்க வேண்டும் என்று எந்த மாணவரிடமும் அதன் பிறகு நான் வலியுறுத்த வேண்டியிருந்ததில்லை.

இந்த வழியின் உண்மையான பலம் கோடையில் தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மாதவாரி அறிக்கையை எடுத்துப் பார்த்த மாணவர்கள், மே மாதத்தில் வியாபாரம் படுத்துவிட்டதாக எழுதிக்கொண்டு வருவார்கள். தடைக்காலம் என்ற ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்ததும் அந்த எண்ணுக்குப் பொருள் மாறிவிடும். தரவுக்கும் தகவலுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். பிறகு, தடைக்கு முன் எவ்வளவு கருவாடு வாங்கி அடைத்து வைக்கலாம் என்று கேட்பேன். சென்ற ஆண்டு அந்த 61 நாள்களில் விற்ற அளவு, நாட்டுப்படகு மீன் வரத்து, உப்பும் கூலியும் தின்னும் பணம் ஆகியவற்றை வைத்து விடை தேடும்போது, கூம்பின் மூன்று அடுக்குகளிலும் அவர்கள் ஏறிவிடுகிறார்கள். மூன்றுக்கும் அடிப்படை அதே ஐம்பது சிட்டைகள்தாம்.

இதிலும் குறை இருக்கிறது. மூன்று வாரம் தட்டச்சு செய்துகொண்டே இருப்பது அலுப்பூட்டும் வேலை. மின்வணிகம் படிக்க வந்தோமா, கணக்கெழுத வந்தோமா என்ற முணுமுணுப்பு எழுகிறது. அந்த முணுமுணுப்பில் நியாயமும் உண்டு. அதனால் முதல் வார இறுதியிலேயே ஓர் ஆர்டரை மட்டும் கைப்பேசி வழியாக எடுத்து, அதையும் ஐம்பத்தொன்றாவது சிட்டையாக எழுதவைக்கிறேன்.

கருவியைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் விரிதாள் போதும். டேலி போன்ற கணக்கு மென்பொருள் வேலைக்குப் போகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் எந்தத் தவறு எங்கே பிறந்தது என்பதை அது உள்ளே வைத்துக்கொள்ளும், விரிதாள் வெளியே காட்டிவிடும்.

மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கு ஆறு வார மாலை வகுப்பு நடத்துவதானால் நானும் கடைத்திரையில்தான் தொடங்குவேன். அவர்களுக்குச் சிட்டை எழுதுவது பழக்கம், திரைதான் புதிது. பட்டப்படிப்பு மாணவர்களிடம் நிலைமை நேர் மாறாக இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அவர்களுக்காகப் பாடநூல் வரையறைகளைக் கரும்பலகையின் ஒரு பக்கத்திலும் சிட்டைக் கட்டங்களை மறுபக்கத்திலும் எழுதி, எது எதற்குப் பொருந்துகிறது என்று கோடு போடச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் நூலைத் திறக்காமலே போட்டுவிடுகிறார்கள்.