நெஞ்செரிச்சலுக்கு வாங்குன சாய்வு தலகாணி – வொர்த்தா இல்லையா?

நைட்டு படுத்ததும் புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் எதுக்களிச்சு வருதுன்னா இதைப் படிங்க, பகல்ல மட்டும் நெஞ்சு கரிக்குதுன்னா இந்த தலகாணி பெருசா ஒண்ணும் பண்ணாது, காசு மிச்சம்.

முக்கோணமா வெட்டுன ஃபோம் தான், தலைமாட்டுல 7 இன்ச் உயரம், இடுப்புகிட்ட வர வர சரிஞ்சு தட்டையாயிடுது, ரெண்டாயிரத்து சொச்சம் ஆச்சு (ஒரு ஃபோம் துண்டுக்கு இது அநியாயம் தான்). வேலை செய்யுதான்னா, செய்யுது. உணவுக்குழாய் போய் இரைப்பையில சேர்ற எடத்துல ஒரு தசை வளையம் இருக்கு, சாப்பாடு உள்ள போனதும் அது மூடிக்கணும், சிலருக்கு அது அப்பப்போ லூசாகிடும், உக்காந்திருந்தா ஆசிட் தானா கீழயே நிக்கும், மட்டமா படுத்துட்டா தடுக்க ஆளே இல்ல, நேரா மேல வந்துரும். நெஞ்சை தூக்கி வெச்சா ஏறுன ஆசிட்டும் சீக்கிரம் இறங்கிடுது.

ரெண்டு தலகாணிய அடுக்கிக்கிட்டா போதாதான்னு வீட்ல கேட்டாங்க. போதாது, ஏன்னா அதுல தலையும் கழுத்தும் மட்டும் தான் தூக்கும், உடம்பு நடுவுல மடங்கி வயித்தை அமுக்கும், அப்புறம் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

இப்ப குறை. தூக்கத்துல வழுக்கி வழுக்கி கீழ வந்துடறோம், மே மாச வெக்கையில ஃபோம் சூடேறி முதுகெல்லாம் வேர்வை, மேல ஒரு காட்டன் துண்டு போட்டே ஆகணும். ஒருக்களிச்சு படுக்கறவங்களுக்கு தோள் வலிக்கும், ஆனா இடது பக்கமா ஒருக்களிச்சு படுத்தா தான் ரிஃப்ளக்ஸ் (ஆசிட் மேல ஏறி வர்றது) கம்மி, அதனால அந்த வலிக்கு பழகிக்க வேண்டியதுதான். மரக்கட்டில் இருக்கறவங்க தலைமாட்டு கால் ரெண்டுக்கும் அடியில 6 இன்ச்சுக்கு ஆடாத மரக்கட்டை வெச்சாலே போதும், வழுக்கற தொல்லையும் கம்மி.

ஆனா பத்தரை மணிக்கு பரோட்டா சால்னா அடிச்சுட்டு பதினோரு மணிக்கு இதுல சாய்ஞ்சா எந்த தலகாணியும் காப்பாத்தாது, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரமாவது கேப் வேணும். ஜெலுசில், டைஜீன் எல்லாம் அப்போதைக்கு ஆசிட்டை முறிக்கும் அவ்ளோதான், ஈனோல சோடியம் இருக்கு, பிபி உள்ளவங்க அடிக்கடி குடிக்காதீங்க. டாக்டர் பாண்டோப்ரசோல் (ஆசிட் சுரக்கறதையே குறைக்கற மாத்திரை) எழுதிக் கொடுத்தா சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும், நம்மாளுங்க பாதி பேரு சாப்பிட்டு முடிச்சுட்டு போட்டுட்டு மாத்திரை கேக்கலன்னு சொல்றாங்க. முழுங்க கஷ்டமா இருந்தா, கருப்பா மலம் போனா, எடை தானா குறைஞ்சா தலகாணி தேடாம டாக்டர்கிட்ட போங்க. நெஞ்சு வலியோட வேர்த்துக் கொட்டி கை, தாடைன்னு பரவுதுன்னா கேஸ்னு நினைச்சு உக்காந்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

வாங்கறதா இருந்தா ஜிப் வெச்ச கவர், கழட்டி துவைக்கற மாதிரி பாத்து வாங்குங்க, ஃபோம் கெட்டியா இருக்கணும், சாஃப்ட்டா இருந்தா நாலு மாசத்துல அமுங்கி உயரமே போயிடும். என் மார்க் அஞ்சுக்கு மூணரை, அரை மார்க் குறைச்சது விலைக்காக, மீதி அந்த வழுக்கலுக்கு.