ஃபிகர் ஸ்கேட்டிங்: நேரலையா, பதிவா?
1994 லில்லஹாம்மர் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனைகள் நான்சி கெரிகனும் டோன்யா ஹார்டிங்கும் களமிறங்கிய ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கியபடி குதித்துச் சுழன்று ஆடும் ஆட்டம்) போட்டியை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நேரலையில் காட்டவில்லை. நார்வேயில் ஆட்டம் முடிந்து சில மணி நேரம் கழித்து, இரவில் பதிவாகவே ஒளிபரப்பியது. முடிவு தெரிந்த பிறகும் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். 2018-இல் தென் கொரியாவின் பியாங்சாங் ஒலிம்பிக்கிலோ போட்டியையே உள்ளூர் நேரம் காலை 10 மணிக்கு வைத்துவிட்டார்கள். நியூயார்க்கில் அப்போது முந்தைய நாள் இரவு 8, நேரலையாகவே பார்க்க ஏற்ற நேரம்.

நேரலையின் ருசியே திரை மூலையில் ஓடும் புள்ளிப் பெட்டிதான். குதித்து இறங்கியதும் மதிப்பு ஏறும். காற்றில் சுற்று முழுதாக முடிந்ததா என்ற சந்தேகம் வந்தால் மஞ்சள் விளக்கு எரியும். மறுபார்வையில் புள்ளி குறையலாம். கைதட்டல் ஓங்கியும் மதிப்பெண் ஏன் சரிந்தது என்பது அங்கேயே புரிந்துவிடும். ஆனால் பொறுமை வேண்டும்: ஆறு பேருக்கு ஆறு நிமிட வார்ம்-அப், நடுவில் பனித்தளத்தைச் சீராக்கும் இடைவேளை. 24 பேர் ஆடி முடிக்க நான்கு மணி நேரம்கூட ஆகும்.

பதிவில் இந்தக் காத்திருப்பு இல்லை. கூடவே முதல் இரண்டு குழுக்களையும் வெட்டிவிடுவார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். இன்னொரு தொல்லை: பின்வரிசை வீராங்கனை ஒருவரின் ஆட்டத்தை முழுசாகக் காட்டினாலே, அவர் ஏதோ சாதித்திருக்கிறார் அல்லது மோசமாக விழுந்திருக்கிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.