சாயல்குடிக் கருப்பட்டிக் கடை: அடுப்பைப் பார்த்து வாங்கலாம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், இராமநாதபுரம் மாவட்டச் சாயல்குடியை ஒட்டியுள்ள இந்தச் சிறிய கடையில் கருப்பட்டி வாங்குபவர்கள், பின்புறக் கொட்டகையில் பதநீர் காய்ச்சுவதையும் பார்க்கலாம். பதநீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை வற்றவைக்கவே விறகு செலவாவதால், இத்தொழில் சுற்றுச்சூழலுக்குத் தரும் சுமையில் பெரும்பங்கு அடுப்பில்தான் இருக்கிறது. திறந்த அடுப்பில் சூட்டில் பெரும்பகுதி வீணாகும், புகையோ காய்ச்சும் பெண்களின் கண்ணைக் கரிக்கும். இங்கே சட்டியின் விளிம்புவரை களிமண் பூசி அடைத்து, புகைபோக்கிக்குப் போகும் சூட்டை இரண்டாவது சட்டியின் அடியில் திருப்பிவிட்டிருப்பதால், அடுத்த ஈட்டுக்கான பதநீர் காத்திருக்கும்போதே கொதிநிலையை நெருங்கிவிடுகிறது. எரிப்பதும் உதிர்ந்த பனங்காவோலை, மட்டை, மாவட்டமெங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் ஆகியவையே.

சிரட்டையில் வார்த்த கருப்பட்டியை உடைத்தால் உட்புறம் கரும்பழுப்பாக இருக்கிறது. சீனி கலந்ததன் வெளிர்நிறமும் பளபளப்பும் இல்லை. புகைவாசம் குறைவு, அதை விரும்புகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகலாம்.

குறை ஒன்றுண்டு. பனையோலையில் முடைந்த பெட்டியான ஓலைக்கொட்டான் கேட்டால்தான் கிடைக்கிறது. கேட்காதவர்களுக்குப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருகிறார்கள். அத்தகைய பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை இருக்க, ஓலை முடைபவர்கள் நிறைந்த ஊரிலேயே இப்படிச் செய்வது பொருந்தவில்லை. விலை சந்தையைவிடச் சற்று அதிகம், எனினும் தரத்துக்குத் தகும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும் என்பதால் கோடையிலேயே வாங்கிவைப்பது நல்லது.