புதுக் கறுப்புக் காருக்கு ஷோரூமிலேயே செராமிக் கோட்டிங் போடச் சொல்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"கறுப்பு கலர் சார், அப்படியே விட்டா நாசமாயிடும், செராமிக் கோட்டிங் போட்டுடலாம்" என்று டெலிவரிக்கு முன்னால் ஷோரூமில் சொல்வார்கள். செராமிக் கோட்டிங் என்பது பெயிண்டைக் காக்க அதன் மேல் போடும் மெல்லிய பூச்சு. அங்கே அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். எனக்கு நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன். கறுப்புக் கார் புக் செய்துவிட்டுக் காத்திருக்கும் யாருக்காவது இது போய்ச் சேர வேண்டும்.

சென்னையில் ஒரு பெரிய டீலர். வண்டி காம்பாக்ட் எஸ்யூவி. கோட்டிங்குக்கு 24,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. "9எச் செராமிக் சார், மூணு வருஷ வாரண்டி, கீறலே விழாது" என்று அக்சசரீஸ் கவுண்டரில் இருந்தவர் உறுதியாகச் சொன்னார். டெலிவரி அன்று மதியம் வண்டி இன்னும் ஸ்டாக்யார்டில் தூசியோடுதான் நின்றது. மாலை ஆறு மணிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துச் சாவி கொடுத்தார்கள். பானெட்டில் முகம் தெரிந்தது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கோட்டிங் போட்டாயிற்று என்று வாரண்டி அட்டையும் கையில் கொடுத்தார்கள்.

அந்த நேரக் கணக்கிலேயே பொய் இருக்கிறது. முறையாகச் செராமிக் போட வேண்டுமென்றால் முதலில் வண்டியை நன்றாகக் கழுவ வேண்டும். பெயிண்டில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள், தார் எல்லாவற்றையும் கெமிக்கலாலும், களிமண் மாதிரி மெத்தென்ற கிளே பார் என்ற கட்டியாலும் எடுக்க வேண்டும். கீறல் இருந்தால் மெஷின் பாலிஷ் போட வேண்டும். பாலிஷில் உள்ள எண்ணெய் போக ஆல்கஹால் கலந்த திரவத்தால் ஒவ்வொரு பேனலாகத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கோட்டிங். போட்ட பின் ஒரு நாளாவது தண்ணீர் படாமல் மூடிய இடத்தில் நிறுத்த வேண்டும், முழுதாக இறுக ஒரு வாரம் வரை ஆகும். ஒரு எஸ்யூவிக்கு இந்த வேலையை மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில் முடிக்கவே முடியாது.

சில வாரங்கள் ஷாம்பு போட்டுக் கழுவியதும் தண்ணீர் உருள்வது நின்றது. அப்புறம் ஒரு நாள் இரவு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது, மேலே இருந்த வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. டீடெய்லிங் ஆட்கள் ஸ்வர்ல் மார்க் என்று சொல்வது இதைத்தான். மடிப்பாக்கத்தில் ஒரு சிறிய டீடெய்லிங் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு கதவில் உள்ளங்கை அளவு இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தார். துடைத்த இடத்தில் மட்டும் கீறல் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. "சார், இதுல கோட்டிங்கே இல்ல. அழுக்குத் துணியில துடைச்சிருக்காங்க, அது மேல கிளேஸ் போட்டு மூடியிருக்காங்க" என்றார். கிளேஸ் என்பது கீறல் பள்ளங்களை எண்ணெயும் மெழுகும் நிரப்பித் தற்காலிகமாக மறைக்கும் பொருள். நிஜமான கோட்டிங்காக இருந்தால் ஆல்கஹாலுக்குக் கரைந்து போகாது.

தண்ணீர் முத்தாக உருள்வதை வைத்து எதையும் நம்பாதீர்கள். 300 ரூபாய் வேக்ஸ் தடவினாலும் அப்படித்தான் உருளும்.

ஷோரூமுக்குப் போய்க் கேட்டபோது அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சர்வீஸ் மேனேஜர் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியைக் கொண்டுவந்து கதவில் வைத்தார். 118 மைக்ரான் காட்டியது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). "பாருங்க சார், கோட்டிங் இருக்கறதாலதான் இவ்வளவு காட்டுது" என்றார். இதை யாரும் நம்பிவிடக் கூடாது. அந்தக் கருவி உலோகத்துக்கு மேலே உள்ள மொத்தப் பூச்சையும் சேர்த்துத்தான் அளக்கும். கம்பெனியிலிருந்து வரும் கார்களில் அடியில் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். செராமிக் பூச்சு ஒன்றிரண்டு மைக்ரான்தான். கருவி காட்டும் அளவே முன்பின் அதைவிட அதிகமாக மாறும். ஒரே கதவில் இரண்டு இடத்தில் வைத்தாலே எண் வேறு வரும். கோட்டிங் இருப்பதற்கு அந்த எண் சாட்சியாகவே ஆகாது.

9எச் விஷயமும் அப்படித்தான். வைரம் 10, இது 9 என்று சொல்லி விற்கிறார்கள். வைரத்துக்கு 10 என்பது கனிமங்களை ஒப்பிடும் மோஸ் அளவுகோல். கோட்டிங் பாட்டிலில் இருக்கும் 9எச் பென்சில் கடினம். 6பி தொடங்கி 9எச் வரை உள்ள பென்சில்களால் பூச்சின் மேல் கீறிப் பார்க்கும் சோதனை அது. நம் ரோட்டுத் தூசியில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ் அளவில் 7. அதை எந்தக் கோட்டிங்கும் தடுக்காது. தூசியோடு துணியை வைத்துத் தேய்த்தால் கீறல் விழும், அவ்வளவுதான்.

கடைசியில் "ஃப்ரீயா ரீ-பாலிஷ் போட்டுத் தர்றோம், விட்டுடுங்க" என்றார்கள். மறுத்துவிட்டேன். கிளியர் கோட் மொத்தமே 40 மைக்ரான் அளவுதான் இருக்கும். ஒவ்வொரு முறை மெஷின் பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. காரை வெயிலிலிருந்து காப்பதும் அந்த அடுக்குதான். சுத்தமான துணிகூட வைத்திருக்காதவர்களிடம் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பில், வாரண்டி அட்டை, ஆல்கஹால் துடைத்த இடத்தின் படங்கள், மதியம் ஸ்டாக்யார்டில் எடுத்த படம், நேரம் தெரியும் டெலிவரி படம் எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பினேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகுதான் அசைந்தார்கள். கோட்டிங் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் தவறு நடந்ததாக ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. கீறல்களை எடுக்க மடிப்பாக்கம் கடையில் என் கைக்காசில்தான் லேசான பாலிஷ் போட்டேன். பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை.

இப்போது வண்டியை நானேதான் கழுவுகிறேன். கறுப்புக் காருக்குப் பெரிய பராமரிப்பே இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வெள்ளைக் காரிலும் இதே கீறல் விழும், கண்ணுக்குத் தெரியாது. கறுப்பில் எல்லாம் தெரியும். அபார்ட்மெண்டில் தினமும் காலையில் வந்து ஒரே வாளித் தண்ணீரில் வரிசையாக எல்லா வண்டியையும் துடைக்கும் அண்ணனிடம், "என் வண்டியை மட்டும் தொடாதீங்கண்ணே, மாசக் காசு வழக்கம்போலக் கொடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். தூசி இருந்தால் இருக்கட்டும். காய்ந்த தூசியைத் துணியால் தட்டுவதைவிட ஒரு வாரம் அழுக்காக நிற்பதே நல்லது. கவர் போடுவதும் இதே காரணத்தால் ஆபத்து. தூசி படிந்த வண்டியில் கவர் காற்றுக்கு ஆடினால் உப்புத்தாள் வேலைதான்.

வெயில் ஏறும் முன், பானெட் சூடு இல்லாதபோது கழுவ வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக நன்றாக அடித்து மணலை இறக்கிவிடுங்கள். இந்தப் படியை அவசரப்படுத்தவே கூடாது. இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் சும்மா தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் ஒரு பேனல் துடைத்ததும் சும்மா தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்புக்குப் போக வேண்டும். பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், மேலே இருக்கும் வேக்ஸைக் கழற்றிவிடும். சக்கரத்துக்குத் தனித் துணி.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அது கறுப்பில் காய்ந்தால் வெள்ளை வட்டமாக உப்புக்கறை நிற்கும், வெயிலில் நாள்பட்டால் கிளியர் கோட்டையே அரிக்கும். வீணாகிறதே என்று ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் கார் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். உப்பு அதில் இன்னும் அதிகம், அதை மாப் போட வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லாத மாதிரிதான். நான் அதைக் கேனில் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு ஊற்றுகிறேன். உடனே பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அந்தத் துணிகளை மற்ற துணிகளோடு மெஷினில் போடாதீர்கள், கம்ஃபர்ட் போன்றவையும் வேண்டாம்.

வேக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கார்னாபா என்ற பனை இலை மெழுகில் செய்த வேக்ஸ் கறுப்பில் அருமையான பளபளப்பு தரும், ஆனால் நம் வெயிலுக்கு ஓரிரு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை. செயற்கை சீலண்ட் பளபளப்பில் கொஞ்சம் குறைவு, அதிக நாள் நிற்கும். நான் சீலண்ட் பக்கம். எதுவானாலும் மிக மெல்லிதாக, நிழலில் போட வேண்டும். காக்கை எச்சம் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு எடுத்துவிடுங்கள்.

கோட்டிங்தான் வேண்டும் என்றால் வெளியே, வேலையை நீங்கள் நின்று பார்க்க விடும் கடையில் போடுங்கள். சீல் பிரிக்காத பாட்டிலை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், பேட்ச் நம்பர் பில்லில் வர வேண்டும். கோட்டிங்குக்கு முன் பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஷோரூமில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள் இன்றே மெயில் போட்டு ரத்து செய்யுங்கள், போன் பேச்சை நம்ப வேண்டாம். அதே மெயிலில் இன்னொரு வரியும் சேருங்கள்: "டெலிவரிக்கு முன் வண்டியைக் கழுவவோ, துடைக்கவோ, பாலிஷ் போடவோ வேண்டாம், தூசியோடு அப்படியே கொடுங்கள்." சேல்ஸ் பையன் தயங்குவார். மேனேஜரிடமிருந்து "சரி" என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, டெலிவரி அன்று அதை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள்.