நள்ளிரவில் குழந்தைக்கு முடியவில்லை: 108-ஆ, ஆட்டோவா?

ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் எழும் கேள்வி இது.

செலவு: 108 இலவசம். ஆட்டோவுக்கு ராத்திரி ரேட்.

நேரம்: வாசலிலேயே வண்டி நின்றால் ஆட்டோதான் முந்தும். 108 வந்து சேர வேண்டும். தெருப் பெயரோடு கோயில், பள்ளி என்று ஓர் அடையாளமும் சொல்லுங்கள்.

வழியில் கவனிப்பு: வித்தியாசமே இங்கேதான். ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்றவரும் உண்டு. ஆட்டோவில் அம்மா மடி மட்டும்தான்.

மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், குழந்தை அழாதபோது. 40-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு, உடனே கிளம்ப வேண்டும். விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்காவிட்டாலோ 108தான். வலிப்பு 5 நிமிடம் தாண்டினாலும் அப்படியே. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டவே வேண்டாம், புரையேறிவிடும்.

காய்ச்சல், வாந்தி, பேதி இருந்தும் முகம் பார்த்துச் சிரிக்கிறது, குடிக்கிறது என்றால் ஆட்டோ போதும். ஆனால் துணைக்கு ஒருவர் கட்டாயம். கம்பளியில் சுற்றாதீர்கள், சூடு ஏறும்.

எதில் போனாலும் கொடுத்த மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி.யும் உண்டு, 250 மி.கி.யும் உண்டு. "ஒரு மூடி கொடுத்தேன்" என்றால் டாக்டரால் கணக்குப் போட முடியாது.