18 வோல்ட் ஸ்பீக்கரும் 12 வோல்ட் வண்டியும்: மூன்று ஆண்டு அனுபவம்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு, ஊசூர், அணைக்கட்டு, ஒடுகத்தூர் என்று ஊர் ஊராக விற்றுவரும் சிறிய டீசல் வண்டி என்னுடையது. தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கூவி விற்ற காலம் போய், வீட்டில் சும்மா கிடந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரை வண்டியில் பொருத்தி, பதிவு செய்த அறிவிப்பை ஒலிக்கவிட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஸ்பீக்கருக்கு வீட்டில் இருந்தது 18 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். வண்டியில் இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி. இந்த வேறுபாட்டை நான் முதலில் பொருட்படுத்தவில்லை.

நேராகப் பேட்டரியில் கொடுத்தபோது ஸ்பீக்கர் பாடியது. முழுமையாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டும், என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டும் தரும் என்பதால், இதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் தரக்கூடிய திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 18 வோல்ட்டில் 20 வாட் தரக்கூடியது, 12.6 வோல்ட்டில் 10 வாட்டைக்கூட எட்டாது. ஒலி குறைவாக இருக்கிறதே என்று வால்யூமை முழுவதும் திருகிவைத்தேன். தவறு அங்கேதான் நடந்தது. தன்னிடம் இல்லாத வோல்ட்டை ஆம்ப்ளிஃபயரால் தர முடியாது. ஒலி அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கித்தான் அனுப்பும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண்கள் கூடிவிடுவதால், அந்தச் சுமை முழுவதும், கீச்சான ஒலிகளுக்கென்று உள்ள சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் மீது விழுகிறது. “இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்” என்ற அறிவிப்பில் “முள்ளு” என்பது வெறும் கரகரப்பாகக் கேட்கத் தொடங்கிய ஆறாவது மாதத்தில், ஒரு பக்கத்து ட்வீட்டர் எரிந்துபோனது. குறைந்த வோல்ட் கொடுத்தால் எந்தப் பொருளும் கெடாது என்று பலர் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஸ்பீக்கர் விஷயத்தில் அது உண்மையன்று.

பிறகு 12 வோல்ட்டை 18 ஆக உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் வாங்கினேன். முதலில் வாங்கிய சிறிய கன்வெர்ட்டர் பலகையில் 4 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அது உள்ளே இருக்கும் சில்லு தாங்கும் மின்னோட்டமே தவிர, வெளியே கிடைப்பது அன்று என்பது, மே மாத வெயிலில் இருக்கைக்கு அடியில் அது கருகிய பிறகே தெரிந்தது. 18 வோல்ட்டில் 2 ஆம்பியர் வேண்டுமென்றால் 36 வாட். கன்வெர்ட்டரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து மூன்றேகால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் அலுமினிய வெப்பத்தகடுகள் வைத்த 150 வாட் பலகைக்கு மாறினேன். காற்றுப் படும் இடத்தில் பொருத்தியதால் இரண்டு கோடைகளைத் தாண்டி இன்றும் ஓடுகிறது.

ஒயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டரியிலிருந்து பின்புறம் வரை 5 மீட்டருக்கு அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தேன். போக வர 10 மீட்டர். அந்த ஒயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கப்பட்டது. இரண்டரை சதுர மில்லிமீட்டராக மாற்றியதும் இழப்பு கால் வோல்ட்டாகக் குறைந்தது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறேன். ஃபியூஸ் ஸ்பீக்கர் பக்கம் இருந்தால், வழியில் ஒயர் உரசி வண்டியின் உடம்பைத் தொட்டால் அது காப்பாற்றாது.

பூஸ்ட் கன்வெர்ட்டரில் நான் மிகவும் கவலைப்படும் குணம் ஒன்று உண்டு. பேட்டரி இறங்க இறங்க, வெளியே 18 வோல்ட்டைக் காப்பாற்றுவதற்காக அது உள்ளே கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. நேரடி இணைப்பில் ஒலி மங்குவதே ஓர் எச்சரிக்கையாக இருந்தது. இப்போது அந்த எச்சரிக்கை இல்லை. ஒடுகத்தூரில் ஒரு கோயில் திருவிழாவின்போது, என்ஜினை நிறுத்திவிட்டு மாலை முழுவதும் பாட்டுப் போட்டேன். கடைசிப் பாட்டு வரை ஒலி குறையவே இல்லை. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நான்கு இளைஞர்கள் தள்ளித்தான் புறப்பட்டேன். அதன் பிறகு டாஷ்போர்டில் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றை ஒட்டி, 12.2-க்கு வந்ததும் ஸ்பீக்கரை நிறுத்திவிடுகிறேன். என்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும்.

என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலியும் நெடுநாள் தொல்லை தந்தது. செல்போனை அதே பேட்டரியில் சார்ஜ் போட்டுக்கொண்டே அறிவிப்பை ஒலிக்கவிட்டதுதான் காரணம். சார்ஜரைக் கழற்றியதும் ஒலி தெளிந்தது.

என் மைத்துனர் தம் 24 வோல்ட் லாரியிலும் பாட்டு வேண்டும் என்று, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் காரின் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்திருந்தார். எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரிகளும் போயின. மாற்றப்போன கடையில் இருந்த பெரியவர், “தம்பி, ஏர்ல பூட்டின ரெண்டு மாட்டுல ஒண்ணு மட்டும் இழுக்குது, இன்னொண்ணு தின்னுக்கினே இருக்குது. ரெண்டுமே படுத்துடும்,” என்றார். ஒரு பேட்டரி குறைந்தும் மற்றது நிறைந்தும் இருக்க, இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒன்று ஒருபோதும் நிரம்பாது, மற்றது அளவுக்கு மீறி நிரம்பும். இப்போது இரண்டு பேட்டரிகளுக்கும் சேர்த்து, 24-ஐ 12 ஆகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் போட்டிருக்கிறார். என் 18 வோல்ட் ஸ்பீக்கரை அந்த லாரியில் நேராகக் கொடுத்துப் பார்க்கலாமா என்று ஒருமுறை கேட்டார். ஓடும் லாரியில் 28 வோல்ட் வரை வரும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் 25 வோல்ட் தாங்குபவை என்பதால் மறுத்துவிட்டேன்.

மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொண்டது சிறியதொரு செய்தி. கன்வெர்ட்டரில் வோல்ட்டை அமைக்கும் சிறு திருகு, மலையடிவாரச் சாலைகளின் அதிர்வில் தானாக நகர்ந்து, வெளிவரும் மின்னழுத்தம் 19-ஐத் தாண்டியிருந்தது. மல்டிமீட்டர் வைத்து மீண்டும் 18-க்குக் கொண்டுவந்து, திருகின் தலையில் மனைவியின் நகப்பூச்சை ஒரு சொட்டு விட்டேன். அன்றிலிருந்து அது அசையவில்லை.